ஒரே டிக்கெட்டில் இரண்டு தேதி

மூன்று வருடம் கழித்து வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போய் வந்தேன். அலைச்சலும் தூக்கம் கெட்டதும் எல்லாருக்கும் உள்ளதுதான், அதை விட்டுவிடலாம். பஸ், ரயில், தங்கும் அறை என்று எல்லாவற்றையும் ஆன்லைனில் முன்பதிவு செய்யப் போய்ப் பட்ட பாட்டைத்தான் எழுத வந்தேன். எந்தத் தளம் என்று பெயர் சொல்லப்போவதில்லை. ஒன்றைச் சொன்னால் மற்றதெல்லாம் நல்லது என்று ஆகிவிடும்.

பஸ் டிக்கெட்டை ஊருக்குக் கிளம்புவதற்கு முன்பே, இங்கிருந்தே எடுத்தேன். எனக்கு வேண்டிய தேதி 20. நாட்காட்டியில் 20-ஐ அழுத்தினால் அடுத்த பக்கத்தில் 19 என்று காட்டியது. விரல் தவறியிருக்கும் என்று திரும்பப் போய் மறுபடி அழுத்தினேன். அப்போதும் 19. சரி, இந்தத் தளத்தின் குணமே இப்படி என்று 21-ஐ அழுத்தினேன். 20 என்று வந்தது. பெரிய புத்திசாலித்தனம் செய்துவிட்ட நிறைவோடு பணத்தைக் கட்டி முடித்தேன்.

ஊருக்குப் போன பிறகு, 18-ஆம் தேதி இரவு, அக்கா மகன் அந்த டிக்கெட்டைத் தன் போனில் திறந்தான். "மாமா, இது 21-ன்னு போட்டிருக்கே?" என்றான். நான் லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். அதில் 20. ஒரே டிக்கெட், ஒரே எண், இரண்டு திரையில் இரண்டு தேதி. பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் மாறி மாறிப் பார்த்தோம். லேப்டாப்பின் மூலையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அவன்தான் சொன்னான்: "நீங்க வந்துட்டீங்க, உங்க லேப்டாப் இன்னும் அங்கேயேதான் இருக்கு."

அலுவலகக் கூட்டங்களுக்காக லேப்டாப்பின் நேரத்தை மாற்றாமல் வைத்திருந்தேன். நடந்தது இதுதான். மணி குறிப்பிடாமல் வெறும் தேதியை மட்டும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் கொடுத்தால், ப்ரவுசர் அதை உலகப் பொது நேரத்தின், அதாவது கிரீனிச் நேரத்தின், நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். ப்ரவுசருக்குள் ஓடும் நிரல் மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டின் விதியே அப்படி. பிறகு அதை அந்தக் கணினியில் எந்த இடத்தின் நேரம் வைத்திருக்கிறதோ அதற்கு மாற்றித் திரையில் காட்டும். கிரீனிச்சுக்குக் கிழக்கே இருப்பவருக்கு அப்போது விடியற்காலையோ பகலோ, எப்படியும் தேதி மாறாது. என்னைப் போல மேற்கே இருப்பவருக்கு இன்னும் முந்தைய நாள்தான். தளத்தைச் செய்தவர் கிழக்கே உட்கார்ந்து செய்திருக்கிறார். சோதித்துப் பார்த்தவரும் அங்கேதான் இருந்திருப்பார். அவர்கள் கண்ணில் இந்தப் பிழை ஒரு நாளும் பட்டிருக்காது. வெளியூரிலிருந்து வீட்டுக்கு வருகிற ஆளுக்கென்றே வைத்த குழி மாதிரி இருக்கிறது. திரையில் தெரிந்ததுதான் தப்பு, உள்ளே போன தேதி சரி. நான் அதைத் திருத்துகிறேன் என்று கெடுத்தேன். உறுதி செய்து வந்த மின்னஞ்சலில் 21 என்று ஒழுங்காகவே போட்டிருந்தார்கள். நான்தான் அதைத் திறந்து பார்க்கவில்லை. 20-ஆம் தேதி பஸ்ஸில் இடமில்லாமல் போய், 21-ஆம் தேதியே போனோம்.

இதற்கே இவ்வளவு என்றால், ஐபோனில் இன்னொரு கூத்து. வேறொரு தளத்தில் பஸ் புறப்படும் நேரம் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று ஆங்கில எழுத்து, ஒரு முக்காற்புள்ளி, மறுபடி அதே மூன்று எழுத்து. 'எண் அல்ல' என்பதற்குக் கணினி வைத்திருக்கும் சுருக்கம் அது. தமிழில் எழுத்துக்கூட்டி வாசித்தால் 'நான்:நான்'. எப்போது கிளம்பும் என்று கேட்டால் நான், நான் என்கிறது! தளத்தைச் செய்தவர் தேதிக்கும் மணிக்கும் நடுவே வெறும் இடைவெளி விட்டு எழுதினால் குரோம் தானாகப் புரிந்துகொள்ளும். பழைய சஃபாரி புரிந்துகொள்ளாது. நான் ஐபோனை அப்டேட் செய்து வெகுநாளாகிறது. சஃபாரி தனியாக அப்டேட் ஆகாது, போனின் மென்பொருளோடு சேர்ந்துதான் ஆகும்.

சஃபாரிதானே தகராறு என்று ஐபோனிலேயே குரோமை இறக்கிப் பார்த்தேன். அதிலும் 'நான்:நான்'. ஐபோனில் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் என்று எந்தப் பெயரில் போட்டாலும் உள்ளே ஓடுவது ஆப்பிளின் வெப்கிட்தான், பக்கத்தைப் படித்துத் திரையில் காட்டும் இன்ஜின் அது. 2024-இல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வேறு இன்ஜினுக்கு வழிவிட்டார்கள். ஆகவே ஐபோனில் ஒரு தளம் தகராறு செய்தால் அங்கேயே ப்ரவுசரை மாற்றிப் பெரிய பலன் இருக்காது. வேறு கருவிக்குத்தான் போக வேண்டும்.

லேப்டாப்பில் நான் பயன்படுத்துவது ஃபயர்ஃபாக்ஸ். அறை பதிவு செய்யும் தளம் ஒன்று, உங்கள் ப்ரவுசர் பழையது, குரோமுக்கு மாறுங்கள் என்று வாசலிலேயே நிறுத்தியது. அதே வாரம்தான் அப்டேட் செய்திருந்தேன். ப்ரவுசரோடு சேர்க்கும் சின்ன மென்பொருளான ஒரு நீட்சியைப் போட்டு, குரோம் என்று பொய்ப் பெயர் சொல்லிப் போனேன். எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது! வாசலில் இருக்கும் காவலாளி பெயரை மட்டும் கேட்கிறார், ஆளைப் பார்ப்பதில்லை. இந்தப் பெயர் கேட்கும் பழக்கம் பழையது. 2009-இல் ஓபரா என்ற ப்ரவுசரின் 10-ஆம் பதிப்பு வந்தபோது பல தளங்கள் முதல் இலக்கத்தை மட்டும் படித்துவிட்டு அதை ஓபரா 1 என்று நினைத்தன. ஓபராக்காரர்கள் கடைசியில் 9.80 என்றே சொல்லிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஒரு காலத்தில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் திறக்கும் என்றார்கள். 2022 ஜூன் 15-இல் அதற்கு மைக்ரோசாஃப்ட் விடை கொடுத்தது. அந்த நாற்காலியில் இப்போது குரோமை உட்கார வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். குரோம் பிடிக்காதவர்கள் எட்ஜில் திறந்து பார்க்கலாம். 2020-இலிருந்து அதுவும் குரோமுக்கு அடிப்படையான குரோமியத்தில்தான் ஓடுகிறது.

பணம் கட்டும் இடம்தான் வயிற்றைக் கலக்கியது. பொத்தானை அழுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு முறை அழுத்தினேன், அப்போதும் அப்படியே. வங்கியின் பக்கம் தனிச் சன்னலில் திறக்கப் பார்த்திருக்கிறது, ப்ரவுசர் அதைத் தடுத்துவிட்டு முகவரிப் பட்டையின் ஓரத்தில் சின்னதாக ஒரு படத்தைக் காட்டிக்கொண்டு நின்றது. அதை நான் கவனிப்பதற்குள் நேரம் முடிந்து, பிடித்து வைத்த இருக்கை போய்விட்டது. இன்னொரு தளத்தில் வங்கியின் பக்கம் தளத்துக்குள்ளேயே ஒரு பெட்டியில் திறந்தது. ஆளை அடையாளம் காணத் தளங்கள் ப்ரவுசரில் விட்டுவைக்கும் குறிப்புகளுக்குக் குக்கீ என்று பெயர். சஃபாரி 2020 மார்ச்சிலிருந்து பிற தளத்துக் குக்கீகளை முழுக்கத் தடுக்கிறது. வங்கிக்கு நான் யாரென்று அடையாளம் தெரியாமல் வெள்ளைப் பக்கம் வந்தது. வெள்ளைப் பக்கத்தைப் பார்த்ததும் மறுபடி அழுத்தாதீர்கள். முதலில் வங்கிக் கணக்கைப் பாருங்கள். நான் பார்க்காமல் அழுத்தினேன். இரண்டு முறை பணம் போனது, ஒன்று திரும்பி வரப் பத்து நாள் ஆனது.

செல்பேசி எண் கேட்கும் கட்டம் பத்து இலக்கத்தோடு நின்றுவிடுவதைப் பற்றி எழுதினால் தனிக் கட்டுரையாகும். நாட்டுக் குறியீட்டோடு சேர்த்து ஓர் எண் 15 இலக்கம் வரை போகலாம் என்பது உலக வழக்கம். அங்கெல்லாம் அக்கா மகனின் எண்ணைத்தான் கொடுத்தேன். நான் எங்கே போகிறேன், எப்போது வருகிறேன் என்பதெல்லாம் எனக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்தது.

திரும்பும் பயணத்துக்கு லேப்டாப்பின் நேரத்தை மாற்றி வைத்துவிட்டு, அவனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு டிக்கெட் எடுத்தேன். தேதியை லேப்டாப்பில் பார்த்தேன், அவன் போனில் பார்த்தேன், மின்னஞ்சலிலும் பார்த்தேன். மூன்றிலும் ஒன்றே. "எதுக்கும் ஒரு பிரின்ட் எடுத்துக்குங்க மாமா" என்று அவனே பொத்தானை அழுத்தினான். ஒன்றும் வரவில்லை. முகவரிப் பட்டையின் ஓரத்தில் அந்தச் சின்னப் படம் மட்டும் வந்து நின்றது.