மழைக்காலக் கால் பராமரிப்பு என்று தனிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்

பெங்களூருவில் எலகங்காவைத் தாண்டிய பகுதிகளில் குதிரையை லாயத்தில் விட்டிருப்பவர்களும், விட இடம் தேடுகிறவர்களும் இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். புகார் கொடுத்திருப்பதால் லாயத்தின் பெயரை எழுதவில்லை.

எங்களுடையது பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற செம்பழுப்புப் பெண்குதிரை. பின்னங்கால்கள் இரண்டும் வெள்ளை. வெள்ளை மயிருக்கடியில் தோல் இளஞ்சிவப்பாக, மென்மையாக இருக்கும். சேறும் ஈரமும் முதலில் அங்கேதான் வேலையைக் காட்டும். இதை எனக்கு எடுத்துச் சொன்னவரே அந்த லாயத்தின் மேலாளர்தான். சொன்ன கையோடு 'மழைக்காலக் கால் பராமரிப்பு' என்ற திட்டத்தையும் நீட்டினார். மாத வாடகைக்கு மேல் 4,500 ரூபாய். பேடக் என்கிற வேலியடைத்த திடலில் மேயவிட்டுத் திரும்பியதும் கால்களைக் கழுவி, துவட்டி, சோதித்து, களிம்பு தடவுவார்களாம். கூடவே 'காற்றுப் புகும்' நியோப்ரீன் (ஒருவகைச் செயற்கை ரப்பர்) கால் உறை ஒரு ஜோடி, 6,800 ரூபாய்க்கு, அவர்களிடமே வாங்க வேண்டும்.

சனிக்கிழமைகளில் போனால் எல்லாம் ஒழுங்காக இருக்கும். கால் பளபளக்கும், உறை உலர்ந்திருக்கும், குறிப்பேட்டில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கையெழுத்து இருக்கும். செப்டம்பரில் மழை பிடித்துக்கொண்டது. இந்த ஊரில் மழை அதிகம் பெய்யும் மாதமே அதுதான். பிரஷ் பட்டாலே குதிரை பின்னங்காலை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறது என்று என் மகள் சொன்னாள். மேலாளரைக் கேட்டால், "ஈக்கடி, பயப்படாதீர்கள்" என்றார். அதற்கென்று ஒரு பச்சைக் களிம்பு. அதற்குத் தனி ரசீது.

வாரநாள் ஒன்றில் சொல்லாமல் போனேன். குதிரை லாயத்துக்குள் உறையோடு நின்றுகொண்டிருந்தது. வெல்க்ரோவைப் பிரித்ததும் புளித்த நாற்றம் முகத்தில் அடித்தது. உறையின் உட்புறத்தைப் பிழிந்தால் செம்மண் தண்ணீர் சொட்டியது. குளம்புக்கு மேலே, கணுவின் பின்பக்க மடிப்பில் மயிர் கட்டிக் கட்டியாக ஒட்டியிருந்தது. விரல் பட்டதும் ஒரு பொருக்கு மயிரோடு சேர்ந்து, சின்னத் தூரிகை போலக் கையோடு வந்துவிட்டது. அடியில் மஞ்சள் சீழ், பச்சைப் புண். கால் முழங்கால் மூட்டுவரை வீங்கிச் சூடாக இருந்தது.

அங்கிருந்த சைஸ் (குதிரைகளைப் பராமரிக்கும் ஆள்) ஒருவர் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். "அண்ணா, ஒரு ஆளுக்குப் பன்னிரண்டு குதிரை. துவட்ட நேரம் எங்கே இருக்கிறது? குழாயைத் திறந்து சேற்றை அடித்துவிட்டு, அப்படியே உறையை மாட்டச் சொல்கிறார்கள். உரிமையாளர் வருகிற நாளில்தான் கழற்றிக் காயவைப்போம்" என்றார். துண்டும் அத்தனை குதிரைகளுக்கும் ஒன்றுதானாம். அவர் இப்போது அங்கே வேலையில் இல்லை. இல்லாவிட்டால் இதை எழுதியிருக்கமாட்டேன்.

வெளியிலிருந்து வந்த கால்நடை மருத்துவர் உறையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அதை முதலில் தூக்கி எறியச் சொன்னார். பொருக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்ததில் டெர்மட்டோஃபிலஸ் காங்கோலென்சிஸ் என்ற பாக்டீரியா என்று உறுதியானது. நல்ல தோலை அது ஒன்றும் செய்யாது. ஓயாத ஈரத்தில் ஊறி, உராய்ந்து தோல் தளர்ந்துவிட்டால் உள்ளே புகுந்துகொள்ளும். ஈரம் கிடைத்தால்தான் அதன் வித்துகள் விழித்து நகரும். ஈரத்தோடு சூட்டையும் சேர்த்து மூடிவைக்கிற நியோப்ரீன் உறையைவிட அதற்கு வசதியான வீடு கிடையாது. சேற்றில் வெறுங்காலோடு நின்றிருந்தால்கூட இந்த அளவுக்குப் போயிருக்காது என்றார். ஈரத்தின் மேல் தடவிய பச்சைக் களிம்பும் மூடி போட்ட வேலையைத்தான் செய்திருக்கிறது. மனிதர்களுக்கும் அபூர்வமாக ஒட்டும் என்பதால், மகளைக் கையுறை போடாமல் தொடக் கூடாது என்றார்.

அவர் சொன்ன முறையில் கம்பெனிச் சரக்கு எதுவும் இல்லை. பேடக்கிலிருந்து வரும் கால் சேறாக இருந்தால் உடனே குழாயடிக்குக் கொண்டுபோகாமல், உலரவிட்டு மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். கழுவியே தீர வேண்டுமென்றால் மயிரின் வேர்வரை துவட்ட வேண்டும், அந்தக் குதிரைக்கென்று வைத்திருக்கும் துண்டால். காப்புக் களிம்பு சுத்தமான, காய்ந்த தோலுக்கு மட்டும். எங்கள் குதிரைக்கு நீர்த்த குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினியில் பொருக்குகளை ஊறவைத்து, இளகியவற்றை மட்டும் எடுத்து, அலசி, உலர்த்தினோம். வீக்கத்துக்கு ஆன்டிபயாடிக் ஊசி தனி. டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேட்டார், நல்லவேளை, போட்டிருந்தோம்.

மேலாளரின் பதில்தான் உச்சம். "மழைக்கு நாங்கள் பொறுப்பா?" ஒப்பந்தத்தில் 'இயற்கைச் சூழலால் வரும் நோய்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று ஒரு வரி இருக்கிறதாம். பெய்தது மழை, உறையை மாட்டியதும் மழையா? குதிரையை வேறிடத்துக்கு மாற்றினோம். இரண்டு மாத அட்வான்ஸைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

பணம் கொடுத்து வாங்கிய சேவையில் குறை இருந்தால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கேட்கலாம். 1915 என்ற தேசிய உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம். நான் அங்கே பதிந்துவிட்டு, மாவட்ட ஆணையத்திலும் மனு கொடுத்திருக்கிறேன். நாற்றமடித்த உறையின் படங்களும் மருத்துவர் எழுதிய அறிக்கையும்தான் கையில் இருக்கும் ஆதாரம். குறிப்பேட்டைத் தர மறுக்கிறார்கள். உங்களுடையதை இப்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக லாயம் பார்க்கப் போகிறவர்கள் பிப்ரவரியில் போகாதீர்கள். அப்போது எல்லா லாயமும் அழகுதான். நல்ல மழை பெய்த மறுநாள் போய்ப் பேடக்கின் வாசலைப் பாருங்கள். தீனி வேளையில் குதிரைகள் கூடி நிற்கும் இடம் அதுதான். அங்கே சரளைக்கல் கொட்டி, தண்ணீர் வடிய வழி செய்திருக்கிறார்களா, கணுக்கால் புதைகிறதா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். ஒரு சைஸுக்கு எத்தனை குதிரை என்பதை மேலாளரிடம் கேட்காமல் சைஸிடமே கேளுங்கள்.

ஏற்கெனவே உறைக்குப் பணம் கட்டியிருப்பவர்கள் சனிக்கிழமைவரை காத்திருக்க வேண்டாம். இன்றே போய் உறையைக் கழற்றி, கணுவின் பின்பக்கத்தில் மயிருக்கடியில் விரலால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் முன்பே சொரசொரப்பு கைக்குத் தட்டுப்படும். தட்டுப்பட்டால் நீங்களாகப் பிய்க்காமல், லாயத்தோடு சம்பந்தமில்லாத மருத்துவர் ஒருவரை வரவழையுங்கள்.