லாக்புக்கைக் கணினியில் ஏற்றித் தருவதாகச் சொல்பவர்களிடம் மூலப் புத்தகத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

சிங்கப்பூரில் விமானியாகப் பணிபுரிபவர்களும், விமானி உரிமத்துக்குப் பயிற்சி பெறும் பிள்ளைகளின் பெற்றோரும் படிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். கையால் எழுதிய பறப்புப் பதிவேடுகளை, அதாவது நாம் லாக்புக் என்று சொல்லும் புத்தகங்களை, கணினியில் ஏற்றித் தருவதாக விளம்பரம் செய்த ஒரு சிறு நிறுவனத்திடம் என்னுடைய மூன்று புத்தகங்களையும் ஒப்படைத்தேன். அவை திரும்பி வந்தபோது ஒன்றின் தைப்பு அறுக்கப்பட்டிருந்தது. ஒரு தாள் காணவில்லை. தட்டச்சு செய்து தந்த கணக்கு அடியோடு தவறாக இருந்தது. நிறுவனத்தின் பெயரை நான் குறிப்பிடப் போவதில்லை. இதே சேவையை வேறு எவர் வழங்க முன்வந்தாலும், என்னிடம் நடந்தது உங்களிடமும் நடக்காமல் இருந்தால் போதும்.

அந்த மூன்று புத்தகங்களும் என் பதினொரு ஆண்டு உழைப்பு. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு அருகே உள்ள ஜண்டகோட் விமான நிலையத்தில் செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் ஏறிய முதல் நாளிலிருந்து, இங்கே சிலேத்தார் விமான நிலையத்தில் பயிற்றுநராகப் பறந்த ஆண்டுகள் வரை எல்லாம் அவற்றில்தான் இருந்தன. பெரிய பயணிகள் விமானத்தின் தலைமை விமானியாகத் தேவைப்படும் ஏர்லைன் டிரான்ஸ்போர்ட் பைலட் உரிமத்துக்கு அனைத்துலக அளவுகோலின்படி மொத்தம் 1,500 மணி நேரப் பறப்பும், அதற்குள் 100 மணி நேர இரவுப் பறப்பும் தேவை. சிறு விமானங்களிலேயே காலம் கழித்த என்னைப் போன்றவருக்கு அந்த எண்ணிக்கை ஒவ்வொரு மணியாகச் சேர்ந்தது. விண்ணப்பிக்கும் காலம் நெருங்கியதால், எல்லாவற்றையும் ஒரே எக்செல் கோப்பில் சேர்க்க நினைத்தேன்.

நண்பர் ஒருவர் மூலம் அறிமுகமான அந்த நிறுவனத்துக்காரர் நம் தமிழர். தேக்காவில் தேநீர் அருந்தியபடியே, "கவலைப்படாதீங்க அண்ணே, ரெண்டு வாரத்துல முடிச்சுக் கையில குடுத்துடுறேன்" என்றார். நம்மவர் என்ற ஒரே காரணத்தால், எத்தனை பக்கங்கள் கொடுக்கிறேன், அவை எந்த நிலையில் இருக்கின்றன என்று எழுதிக் கையொப்பம் வாங்கவில்லை. 480 வெள்ளியையும் முன்கூட்டியே பேநவ் மூலம் அனுப்பிவிட்டேன். அதைவிடப் பெரிய தவறு, புத்தகங்களைப் பையில் போட்டுக் கொடுப்பதற்கு முன் ஒரு பக்கத்தைக்கூடக் கைப்பேசியில் படம் எடுத்து வைக்கவில்லை என்பது.

இரண்டு வாரம் பத்து வாரமாயிற்று. அந்த இடைக்காலத்தில் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளுக்கு 'இந்த வாரம் முடிந்துவிடும்' என்ற ஒரே பதில்தான் திரும்பத் திரும்ப வந்தது.

கோப்பு வந்த அன்று இரவே உட்கார்ந்து பார்த்தேன். என் கையால் பக்க அடியில் எழுதிக்கொண்டே வந்த கூட்டுத்தொகை 1,583 மணி நேரம்; அவர்களுடைய கோப்பு காட்டியது 1,421. முதலில் பயந்துபோனேன், என் கூட்டலே பதினொரு ஆண்டாகப் பிழையாக இருந்ததோ என்று. வரிவரியாகப் பார்த்தபோதுதான் உண்மை புரிந்தது. சிங்கப்பூரில் எழுதிய புத்தகங்களில் நேரத்தை மணியும் நிமிடமுமாக எழுதியிருந்தேன். 1:45 என்று நான் எழுதியிருந்ததை அவர்கள் 1.45 என்று தசம எண்ணாகத் தட்டச்சு செய்துவிட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கு அறுபது நிமிடம் என்பதால், தசம முறையில் அது 1.75 ஆக வேண்டும். 1:45 கொண்ட நான்கு பறப்புகளின் மொத்தம் 7 மணி நேரம். அவர்கள் முறையில் கூட்டினால் 5.80, அதாவது 5 மணி 48 நிமிடம். இப்படி எழுதும்போது ஒவ்வொரு வரியிலும் நிமிடங்களில் ஐந்தில் இரண்டு பங்கு மறைந்துபோகும். ஏறத்தாழ 800 வரிகளில் அது நடந்தால் எவ்வளவு என்று நீங்களே கணக்கிடலாம். முதல் புத்தகத்தை ஆஸ்திரேலிய வழக்கப்படி தசமத்திலேயே எழுதியிருந்தேன். இரு முறைகளும் கலந்திருப்பதை ஒப்படைக்கும்போதே தெளிவாகச் சொல்லியும் இருந்தேன்.

இரவுப் பறப்பில் செய்தது இதைவிட ஆபத்தானது. புறப்பட்ட நேரமும் இறங்கிய நேரமும் யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், எழுதப்பட்டிருக்கும். சிங்கப்பூர் நேரம் அதைவிட 8 மணி நேரம் முன்னால் இருக்கிறது. இங்கே சூரியன் ஏறத்தாழ மாலை 7 மணிக்கு மறைகிறது, அதாவது யூடிசியில் 11 மணி. ஆகவே 12:10 என்று இருந்தால் அது இங்கே இரவு 8:10. 23:30 என்று இருந்தால் மறுநாள் காலை 7:30. தட்டச்சு செய்தவர் பகல், இரவுப் பத்திகளில் நான் பிரித்து எழுதியிருந்ததைப் பாராமல், 12 மணியைப் பகலென்றும் 23 மணியை இரவென்றும் தாமாகவே எடுத்துக்கொண்டார். அதனால் உண்மையான இரவுப் பறப்புகள் பகலாகின. விடிந்தபின் மாணவர்களோடு பறந்தவை இரவாகின. நான் காலை வகுப்புகளே அதிகம் எடுத்தவன் என்பதால், கோப்பில் இரவு நேரம் பெருகிக் கிடந்தது. மொத்த நேரம் குறைந்தால் நட்டம் எனக்கு மட்டும்தான். பறக்காத இரவுகளைப் பறந்ததாகக் காட்டிக் கையொப்பமிட்டு விண்ணப்பித்திருந்தால், அதிகாரிகள் முன் பொய்க்கணக்கு காட்டியவன் என்றே நான் நிற்க நேர்ந்திருக்கும்.

விமான நிலையக் குறியீடுகளையும் சொல்ல வேண்டும். சாங்கிக்கும் சிலேத்தாருக்கும் உரிய நான்கெழுத்துக் குறியீடுகள் கடைசி எழுத்தில் மட்டுமே வேறுபடும். என் பயிற்சிப் பறப்புகளில் பல, சாங்கியிலிருந்து புறப்பட்டுச் சிலேத்தாரில் இறங்கியதாகப் பதிவாகியிருந்தன.

காணாமல்போன தாளைக் கண்டுபிடித்தது எப்படி என்பதை விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் இதற்கு மட்டும் மாற்று இல்லை. லாக்புக்கில் ஒரு பறப்பின் வரி எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டிலும், அதாவது ஒரு விரிப்பு முழுவதும், நீண்டு செல்லும்: இடப்பக்கத்தில் தேதி, விமானம், தடம், வலப்பக்கத்தில் நேரங்கள், குறிப்புகள், பயிற்றுநரின் கையொப்பம். ஆகவே ஒரு தாள் போனால், முந்தைய விரிப்பில் நேரங்கள் போகும். அடுத்த விரிப்பில் தேதியும் விமானமும் போகும். முதல் புத்தகத்திலிருந்து தட்டச்சு செய்த பகுதியில் அடுத்தடுத்து 14 வரிகளுக்கு 1.0 என்ற ஒரே நேரம் இருப்பதைப் பார்த்துத்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. அந்த இடத்தைப் புத்தகத்தில் புரட்டினால் தாள் இல்லை. முதுகுத் தைப்பை அறுத்து, தாள்களை ஒவ்வொன்றாக ஸ்கேன் இயந்திரத்துக்குள் செலுத்திவிட்டு, பிறகு பசை தடவி ஒட்டியிருக்கிறார்கள். தாள் தொலைந்தது தெரிந்தபிறகும், இல்லாத நேரங்களைத் தாங்களே நிரப்பியிருக்கிறார்கள். அந்தத் தாளில்தான் ஜண்டகோட்டிலிருந்து ஆல்பனி, பன்பரி வழியாகத் தனியாகப் பறந்து திரும்பிய என் நெடும்பயணத்தின் நேரங்களும் கையொப்பமும் இருந்தன. வணிக விமானி உரிமம் பெறுவதற்கு, குறைந்தது 540 கிலோமீட்டர் தூரம், இரண்டு வெவ்வேறு நிலையங்களில் முழுமையாக இறங்கி நிற்கும் அத்தகைய பயணம் ஒன்று கட்டாயம்.

ஸ்கேன் படங்களையாவது கொடுங்கள் என்று கேட்டேன். 30 நாளுக்குப் பின் அழித்துவிடுவது தங்கள் வழக்கம் என்றார்கள். வேலையே பத்து வாரம் நடந்தது என்பதை நினைவுபடுத்தியபோது பதில் இல்லை.

சிறு உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் மனுச் செய்தேன். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை, காரணம் எழுந்த இரண்டு ஆண்டுகளுக்குள் அங்கே கொண்டுசெல்லலாம். வழக்கறிஞர் வாதாட இடமில்லை. 5,000 வெள்ளிக்குட்பட்ட கோரிக்கைக்குப் பயனீட்டாளர் செலுத்தும் மனுக் கட்டணம் 10 வெள்ளிதான். வாட்ஸ்அப் செய்திகளும் பேநவ் பதிவும் இருந்ததால், கலந்தாய்வு நிலையிலேயே 480 வெள்ளியைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார்கள்.

இப்போது ஒரு பக்கம் நிறைந்ததும், கூட்டி, பகலும் இரவும் சேர்ந்தால் மொத்தத்துக்குச் சமமாகிறதா என்று பார்த்து, கையொப்பமிட்டு, அன்றைக்கே இரு பக்கங்களும் ஒரே படத்தில் விழும்படி படம் எடுக்கிறேன். படம் என் கணினியில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று, அக்கா வீட்டு அலமாரியில் உள்ள வன்தட்டில் ஒன்று என்று மூன்று இடத்தில் இருக்கிறது. தட்டச்சை நானே செய்கிறேன். வேறொருவர் செய்தே ஆக வேண்டுமென்றால், அவருக்குப் படத்தை மட்டும் கொடுங்கள். முதல் இரண்டு பக்கங்களைச் செய்து காட்டச் சொல்லி, உங்கள் பக்கக் கூட்டுத்தொகையோடு ஒத்துப்போனால் மட்டும் மீதியை அனுப்புங்கள். ஏற்கெனவே புத்தகத்தையே கொடுத்துத் திரும்பப் பெற்றவர்கள், முதுகைத் திறந்து நூல் தைப்பு இருக்கிறதா என்று பார்த்து, தாள்களை இன்றே எண்ணிவிடுங்கள்.

என் தாளை மீட்கும் வேலை ஐந்து மாதம் பிடித்தது. ஜண்டகோட் பயிற்சிப் பள்ளி என் பழைய பயிற்சிக் கோப்பைத் தேடி எடுத்து அனுப்பியது. ஆல்பனி பயணம் அதில் கையொப்பத்தோடு இருந்தது. அன்றைய பயிற்றுநர் என்னோடு பறந்த நாள்களைத் தம்முடைய லாக்புக்கிலிருந்து படம் எடுத்து அனுப்பினார். இரு விரிப்புகளிலுமாகச் சிதைந்த 28 வரிகளில் 19 வரிகளுக்கு இப்படிச் சான்று கிடைத்தது. அவற்றைப் பழைய இடைவெளியில் செருகாமல், இப்போதைய புத்தகத்தில் புதிய பக்கத்தில், எங்கிருந்து பெற்ற தகவல் என்ற குறிப்போடு எழுதிக் கையொப்பமிட்டேன். மீதி 9 வரிகளும் நான் பறந்தவைதான். ஆனால் காட்டுவதற்கு என்னிடம் எதுவும் இல்லாததால், அவற்றின் நேரத்தை என் மொத்தத்திலிருந்து கழித்துவிட்டேன்.