உறவுகளையும் நண்பர்களையும் பார்க்கப் போகும் ஒரு வாரத்துக்கு கூகுள் மேப்ஸ் எவ்வளவு உதவும்?

ஒரு வாரம் நகரத்தில் தங்கிச் சொந்தபந்தங்களையும் பழைய நண்பர்களையும் பார்த்துவிட்டு வருவதும் சுற்றுலா போவதும் வெவ்வேறு வேலைகள். அருங்காட்சியகம் நாம் எப்போது போனாலும் கோபித்துக்கொள்ளாது. மனிதர்கள் அப்படியல்லர். சித்தப்பா மதியம் உறங்குவார், அத்தை மகள் அலுவலகம் முடிந்து இரவில்தான் வீட்டில் இருப்பாள், கல்லூரித் தோழனுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டுமே ஓய்வு, இவர்கள் எல்லோரும் நகரத்தின் வெவ்வேறு மூலைகளில் குடியிருப்பார்கள். இந்தக் கணக்கைப் போட கூகுள் மேப்ஸ் எவ்வளவு உதவுகிறது என்பதைத்தான் இங்கே எடைபோடுகிறேன். இடம் வலம் சொல்லும் குரலுக்காக மட்டும் இந்தச் செயலியை வைத்திருப்பவர்கள் இதில் பாதியைக்கூடப் பயன்படுத்தவில்லை என்பேன். இத்தகைய பயணத்தில் இது அதிகம் உழைப்பது வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முந்தைய மாலைகளில்தான்.

முதல் வேலை முகவரிகளைத் திரட்டுவது. உறவினர்கள் முகவரி சொல்லும் விதம் தெரிந்ததே: பள்ளிக்கு எதிர்ச் சந்து, திரும்பியதும் நீல நிறக் கதவு. அதற்குப் பதிலாக, அவர்கள் வீட்டிலிருந்தபடியே இருப்பிடத்தை அனுப்பச் சொல்லி, வந்த புள்ளிக்கு ‘பெரியம்மா வீடு’ என்று நாமே பெயரிட்டு வைத்துக்கொள்ளலாம். இப்படி இடும் பெயர் நமக்கு மட்டுமே தெரியும். பிறர் வரைபடத்தில் வராது. தெருப்பெயரோ கதவு எண்ணோ ஒழுங்காக இல்லாத பகுதிகளுக்கு, 2015 முதல் இந்த வரைபடத்தில் தேடக்கூடிய பிளஸ் குறியீடு கைகொடுக்கிறது. பத்து எழுத்துகளும் எண்களும் கொண்ட அந்தக் குறியீடு ஏறத்தாழ 14 மீட்டருக்கு 14 மீட்டர் பரப்பைச் சுட்டும். ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க அது போதும். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் போதாது, ஏனெனில் எந்தத் தொகுதி, எத்தனையாவது மாடி என்பதை வரைபடத்தின் எந்தப் புள்ளியும் சொல்வதில்லை. அந்த விவரத்தை, இடங்களைப் பட்டியலாகச் சேமிக்கும் வசதியில் ஒவ்வோர் இடத்துக்கும் கீழே எழுதக்கூடிய குறிப்பில் பதிந்து வைப்பது நல்லது. அந்தப் பட்டியலை உடன் வருபவரோடு பகிர்ந்து, அவரையும் திருத்த அனுமதிக்கலாம் என்பது பெரிய வசதி. ஆனால் பகிர்ந்த பட்டியலில் குறிப்புகளும் சேர்ந்தே போகும் என்பதால், வாயிற்கதவின் கடவு எண்ணையெல்லாம் அதில் எழுதக்கூடாது.

புள்ளிகள் எல்லாம் ஒரே திரையில் வந்து நின்ற பிறகுதான் இச்செயலியின் உண்மையான மதிப்பு தெரியவருகிறது. தொலைபேசியில் பேசும்போது ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாததாகத் தோன்றிய இரண்டு வீடுகள் வரைபடத்தில் அடுத்தடுத்த பகுதிகளாக இருக்கும். ‘பக்கத்திலேதான்’ என்று ஒருவர் சத்தியம் செய்த வீடு ஆற்றுக்கு அந்தப் புறம் இருக்கும். எந்த நாளில் எந்தத் திசை என்ற முடிவு ஏறக்குறைய கண்ணிலேயே வந்துவிடுகிறது. அதற்கு மேல் செயலியிடம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். ஒரு வழித்தடத்தில் ஒன்பது நிறுத்தங்கள் வரை சேர்க்கலாம், ஆனால் எது முதலில், எது அடுத்து என்ற வரிசையை அது தானாக அமைத்துத் தராது. நாமேதான் மேலும் கீழும் இழுத்துப் பார்க்க வேண்டும். பேருந்திலும் ரயிலிலும் போவதாக இருந்தால் பல நிறுத்தங்கள் சேர்க்கும் வசதியே இல்லை. எல்லாவற்றையும்விட முக்கியமாக, அது காட்டும் மொத்த நேரம் சாலையில் கழியும் நேரம் மட்டுமே. பத்து ஆண்டுகளுக்குப் பின் பார்க்கும் தோழியின் வீட்டில் எவ்வளவு நேரம் உட்காருவோம் என்பது அந்தக் கணக்கில் சேராது. நான்கு நிறுத்தங்களுக்கு இரண்டரை மணி நேரம் என்று திரையில் பார்த்துவிட்டு ஒரே நாளில் நான்கு வீடுகளுக்கு வருவதாக வாக்குக் கொடுப்பவர், கடைசி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது அந்த வீட்டுக் குழந்தைகள் தூங்கியிருப்பார்கள். என்னைக் கேட்டால், முற்பகலில் ஒரு வீடு, மாலையில் ஒரு வீடு. அதற்கு மேல் வாக்குக் கொடுக்கவே கூடாது.

அந்த இரண்டையும் சரியாக அமைக்க, பலர் தொட்டுப் பார்த்திராத ஒரு வசதி உதவும். புறப்படும் நேரத்தையோ சேர வேண்டிய நேரத்தையோ முன்கூட்டியே கொடுத்து, வருகிற வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்கு அங்கே இருக்க வேண்டுமானால் எப்போது கிளம்ப வேண்டும் என்று கேட்கலாம். காரில் போவதற்கு அது ஒரே எண்ணாக விடை சொல்லாமல், இத்தனை நிமிடம் முதல் இத்தனை நிமிடம் வரை என்று ஓர் இடைவெளியைத் தரும். அந்த இடைவெளியின் மேல் எல்லையையே நம்ப வேண்டும். காத்திருப்பவர் பெரியவர் என்றால் அதற்கு மேலும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நண்பர்கள் கூடும் இடத்தைத் தேர்ந்தெடுக்க, செயலியில் ஒவ்வொரு கடைக்கும் உள்ள விவரப் பக்கத்தில் மணிவாரியாகக் கூட்டத்தைக் காட்டும் பட்டைப் படத்தைப் பாருங்கள். 2015-இல் வந்த இந்த வசதி, இருப்பிடப் பதிவை அனுமதித்த பயனர்களின் தரவுகளைப் பெயர் நீக்கித் தொகுத்து உருவாக்கப்படுவது. நட்சத்திர மதிப்பெண்ணைக் காட்டிலும் இதை நான் அதிகம் நம்புகிறேன். ஐந்து பழைய நண்பர்கள் சேர்ந்து பேச வேண்டிய இடத்தில் ஒருவர் பேசுவது மற்றவர் காதில் விழ வேண்டும், அதற்குக் கூட்டம் குறைந்த வேளைதான் தேவை.

தெருவில் நின்று பார்ப்பதுபோல் படங்களைக் காட்டும், 2007-இல் தொடங்கிய வீதிக்காட்சி (Street View) இந்தப் பயணத்தில் இரண்டு விதமாகப் பயன்படுகிறது. போக வேண்டிய வீட்டின் வாசலையும் வண்டி நிறுத்த இடம் உண்டா என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளலாம். படம் எடுத்த மாதமும் ஆண்டும் திரையில் இருக்கும், அதைக் கவனிக்காமல் நம்பினால் இடிக்கப்பட்ட கட்டடத்தைத் தேடிக்கொண்டு நிற்க நேரும். 2014 முதல் பழைய ஆண்டுகளின் படங்களையும் பார்க்க முடிகிறது. ஒரு காலத்தில் சேர்ந்து குடியிருந்த தெரு படம்பிடிக்கப்பட்டிருந்தால், நண்பர்கள் கூடிய இடத்தில் அதைத் திறந்து வைத்தால் போதும், அன்றைய பேச்சுக்கு வேறு எதுவும் வேண்டாம். பயணத்துக்குத் தேவையற்ற வசதி என்று சொல்பவர்கள் சொல்லட்டும்.

வழியில் போகும்போது இதன் உதவியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நெரிசல் தகவல் பெரும்பாலும் நம்பத்தக்கது. வழிகாட்டல் ஓடிக்கொண்டிருக்கும்போதே நம் பயணத்தை ஒருவருக்குப் பகிர்ந்துவிட்டால், நாம் போய்ச் சேரும்வரை அவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ‘எங்கே வந்துகொண்டிருக்கிறாய்’ என்ற தொலைபேசி அழைப்புகள் பாதியாகக் குறையும். இதையும் பொதுவான இருப்பிடப் பகிர்வையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. பின்னதில், நாமே நிறுத்தும்வரை தொடரும் தெரிவு ஒன்று உண்டு. கைப்பேசியில் எவ்வளவு மின்சாரம் மிச்சம் இருக்கிறது என்பதுகூட எதிர்ப்பக்கம் தெரியும். உறவினர் வீட்டு வாசலை அடைந்ததும் பகிர்வு தானாக முடிந்துபோவதே எல்லோருக்கும் நல்லது. மாமா வீட்டிலிருந்து கிளம்பிய பிறகு யார் வீட்டுக்குப் போனோம் என்பது மாமாவுக்குத் தெரிய வேண்டியதில்லை.

பெரிய குறை, இணையம் இல்லாத நேரத்தில் வெளிப்படுகிறது. நகரத்தின் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்றாலும், அந்நிலையில் கிடைப்பது கார் ஓட்டுபவருக்கான வழி மட்டுமே. பொதுப் போக்குவரத்துக்கும் நடைக்கும் சைக்கிளுக்கும் வழி கிடைக்காது, நெரிசல் தகவலும் மாற்றுப் பாதைகளும் இரா. வெளிநாட்டிலிருந்து வந்து உள்ளூர் சிம் வாங்காமல் பேருந்திலும் நடையிலும் சமாளிக்க நினைப்பவர்களுக்கு இதனால் நேரடிச் சிரமம். அவர்கள், தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவுகளைக் கொண்டு இயங்கும் ஆர்கானிக் மேப்ஸ் செயலியையும் கைப்பேசியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். அதற்குக் கட்டணமில்லை, விளம்பரமும் இல்லை. நடைக்கும் சைக்கிளுக்கும் இணையமின்றியே வழி காட்டும். நெரிசலையோ கடைகளின் கூட்டத்தையோ அதில் பார்க்க முடியாது, ஆனால் பேருந்து நிறுத்தத்திலிருந்து பெரியம்மா வீட்டுக்குப் போகும் அந்தக் கடைசி அரைக் கிலோமீட்டருக்கு அது போதும்.