லெவல் ஏற்றித் தருகிறேன் என்று பாஸ்வேர்ட் கேட்பவரிடம் போகாதீர்கள்

ஃபைனல் ஃபேண்டஸி 14 என்ற ஆன்லைன் விளையாட்டை ஆடுகிறவர்களில், இன்னொரு ஜாபை (கதாபாத்திரம் ஏற்கும் தொழிலை) அவசரமாக மேலே ஏற்ற நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்த அவசரத்தில் எனக்குப் பணமும் போனது, நான்கு வருடம் சேர்த்து வைத்த பொருளும் போனது.

மற்றவர்களைக் குணப்படுத்தும் ஹீலர் ஜாபான ஒயிட் மேஜாக மட்டுமே ஆடி 100ஆம் லெவலைத் தொட்டவன் நான். எங்கள் எட்டுப் பேர் குழுவில், எதிரிகளின் அடியைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் டேங்க் ஒருவர் திடீரென்று விலகிவிட்டார். இரண்டு டேங்க், இரண்டு ஹீலர், மற்ற நால்வர் அடிக்க என்பதுதான் அங்கே கணக்கு. இன்னொரு ஹீலர் கிடைத்துவிட்டார், டேங்க் அகப்படவில்லை. சரி, நானே டேங்க் ஜாபான டார்க் நைட்டுக்கு மாறிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். இந்த விளையாட்டில் ஆயுதத்தை மாற்றினால் கிளாஸ், அதாவது கதாபாத்திரத்தின் வகை, மாறிவிடும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் லெவல் தனித்தனி. டார்க் நைட் 30இல் ஆரம்பிக்கும். 70 லெவல் ஏற வேண்டும், குழு கொடுத்த அவகாசமோ இரண்டே வாரம்.

அப்போதுதான், காசு வாங்கிக்கொண்டு நம் கதாபாத்திரத்தை ஆடி லெவல் ஏற்றித் தரும் ஒரு 'பூஸ்டர்' கண்ணில் பட்டார். பத்து நாளில் 100க்குக் கொண்டுவருவதாகச் சொன்னார். பாதிப் பணம் முன்பணம். பாஸ்வேர்டோடு, உள்ளே போக ஒவ்வொரு முறையும் உங்களைத் தொந்தரவு செய்ய முடியாது, ஓடிபியை எடுத்துவிடுங்கள் என்றார். அந்த ஒரு வரியிலேயே நான் விலகியிருக்க வேண்டும். பேச்சு மரியாதையாக இருந்ததால் நம்பிவிட்டேன்.

ஏழாம் நாள் லெவல் 80. மீதிப் பணத்தைக் கொடுத்தால்தான் மேலே தொடர முடியும் என்றார். கொடுத்துவிட்டு, அன்று இரவு ஒரு மணி நேரம் நானே ஆடிப் பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கினேன். நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் திருட்டு நடக்காமல் போயிருந்தாலும் இந்த இழப்பு இருந்திருக்கும்.

நான்கு பேர் டன்ஜனுக்குள், அதாவது எதிரிகள் நிறைந்த ஒரு களத்துக்குள், போனோம். திறன்களை அடுக்கி வைக்கும் ஹாட்பாரில் பாதிக் கட்டங்கள் காலி. டார்க் நைட்டின் சில திறன்கள் லெவல் ஏறினால் மட்டும் வராது, அந்த ஜாபுக்கான குவெஸ்டுகளை (கதைப் பணிகளை) முடித்தால்தான் வரும். பூஸ்டர் அதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை. டேங்கின் உயிரில் கால்பங்கு அளவுக்குக் கவசம் போடும் 'தி பிளாக்கெஸ்ட் நைட்' என்னிடம் இல்லை. அதைவிட மோசம், 'கிரிட்' என்ற நிலையைப் போட்டால்தான் எதிரிகள் டேங்கையே பிடித்துக்கொண்டு அடிப்பார்கள் என்பது ஹீலராக எனக்கு நன்றாகத் தெரியும், ஆனால் டேங்காக விரல் அதைத் தேடவில்லை. முதல் கூட்டத்தை இழுத்ததும் அத்தனையும் எங்கள் ஹீலர்மேல் பாய்ந்தன. நால்வரும் விழுந்தோம். "80ஆம் லெவல் டேங்க்தானே நீங்கள்?" என்று அவர் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. 50 லெவல் ஏறும்போது மெல்ல மெல்ல விரலில் ஏற வேண்டிய பழக்கம் அது.

மறுநாள் காலை லாகின் ஆகவில்லை. பாஸ்வேர்டை மீட்டு உள்ளே போக நான்கு நாள் ஆனது. என் கதாபாத்திரம் உள்ளாடையோடு நின்றுகொண்டிருந்தது. மணியை அடித்து, என் பொருளையும் பணத்தையும் வைத்திருக்கும் ரீடெய்னர் என்ற உதவியாளர்களைக் கூப்பிட்டேன், இரண்டு பேரிடமும் கில் (விளையாட்டுப் பணம்) பூஜ்யம். விற்க முடிந்தவை எல்லாம் மார்க்கெட் போர்டு என்ற விளையாட்டுச் சந்தையில் போய்விட்டன. அடுத்த நாள் பத்து நாள் தடை வந்தது. பூஸ்டர் பாட், அதாவது தானாக ஆடும் நிரல், போட்டு ஏற்றியிருக்கிறார். அக்கவுண்டை இன்னொருவருக்குக் கொடுப்பதே விதிமீறல் என்பதால் நான் முறையிட வழியில்லை. அந்தத் தண்டனையில் தவறும் இல்லை.

அப்புறம்தான் யோசித்தேன். 100இல் ஒரு ஜாப் இருந்தால், அதைவிடத் தாழ்ந்த ஜாப்களுக்கு அனுபவப் புள்ளி கூடுதலாகவே கிடைக்கும். ஏதாவது ஒரு களத்துக்கு அனுப்பும் தினசரி ரூலெட்டில் முதல் ஓட்டத்துக்குப் பெரிய போனஸ் உண்டு, டேங்க் தட்டுப்பாடான நேரத்தில் அதற்குத் தனிச் சன்மானமும் உண்டு. கதாபாத்திரம் உணவு சாப்பிட்டுவிட்டுப் போனால் இன்னும் 3 சதவீதம். அதற்கும் பொறுமை இல்லையென்றால், லெவலைத் தாண்ட வைக்கும் பொருளை நிறுவனமே தன் கடையில் விற்கிறது. அதற்கு யாரிடமும் பாஸ்வேர்ட் கொடுக்க வேண்டாம். குவெஸ்டுகளை மட்டும் அப்போதும் நீங்களேதான் செய்ய வேண்டும்.

ஏற்கெனவே யாரிடமாவது கொடுத்திருந்தால், இதைப் படித்து முடிப்பதற்குள் பாஸ்வேர்டை மாற்றுங்கள், ஓடிபியைத் திரும்பப் போடுங்கள், மின்னஞ்சலின் பாஸ்வேர்டையும் சேர்த்து மாற்றுங்கள். மீதிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

குழு வேறு டேங்கைப் பிடித்துக்கொண்டது. நான் இப்போது டார்க் நைட்டின் குவெஸ்டுகளை முதலிலிருந்து ஒவ்வொன்றாகச் செய்துவருகிறேன். அந்தக் கதையை அவர் தொடாமல் விட்டது எனக்குக் கிடைத்த ஒரே நிம்மதி. அதே ஆள் வேறு பெயரில், அதே வாசகத்தோடு, இன்றைக்கும் விளம்பரம் போட்டுக்கொண்டிருக்கிறார்.