டிரெய்லர் சக்கரச் சூடு பார்க்க ஒரு டெம்பரேச்சர் கன்: 25 டாலருக்குத் தகுமா?

கொரோனா சமயத்தில் கடை வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டுவார்களே, பார்க்க அதே மாதிரிதான். ஆனால் அது உடம்புச் சூட்டுக்கு மட்டும், காய்ச்சலைத் தாண்டினால் கையை விரித்துவிடும். இது பட்டறை ரகம், பெயர் தெரியாத கம்பெனி. நாலு சக்கர கேம்பிங் டிரெய்லரை இழுத்துக்கொண்டு கலிபோர்னியா பாலைவனத்தில் ஐ-15 சாலையில் அடிக்கடி போவதால் வாங்கினேன்.

முதல் நாளே ஏமாற்றியது. பார்ஸ்டோவில் இறங்கி ஹப்பின் (சக்கரத்தின் நடுக்குடம்) பளபளக்கும் குரோம் மூடியைக் குறிபார்த்தேன், 41 டிகிரி செல்சியஸ் என்றது. பரவாயில்லையே என்று விரலை வைத்தால் சுரீர் என்றது. தப்பு என் பேரில்தான். பளபளக்கும் உலோகம் தன் சூட்டைக் குறைவாகத்தான் வெளியே விடும், கன் அதை நம்பிக் குறைத்துச் சொல்லும். அப்புறம் நாலு ஹப்பிலும் கறுப்பு பெயின்டில் திருஷ்டிப் பொட்டு மாதிரி ஒன்று வைத்தேன், அன்றிலிருந்து ஒழுங்காகக் காட்டுகிறது. கிட்டப் போய்ப் பார்க்கணும், தள்ளி நின்றால் சுற்றியிருக்கும் தரைச் சூட்டையும் சேர்த்துச் சராசரி போடும். சிவப்புப் புள்ளி வெறும் குறிதான், அது அளப்பதில்லை.

இதில் தனி எண்ணுக்கு மதிப்பில்லை, நாலையும் ஒப்பிட்டால்தான் பயன். போன கோடையில் பேக்கரில் நிறுத்தியபோது மூன்று ஹப் 60-ஐ ஒட்டி, வலது பின்னால் மட்டும் 97. டயரைப் பார்த்தால் நாலும் ஏறக்குறைய ஒன்றுதான். டயர் தனியாகக் கொதித்தால் காற்றுக் குறைவு அல்லது பாரம் என்று நினைக்கலாம், ஹப் மட்டும் என்றால் பேரிங் அல்லது பிரேக். ஆறவிட்டு ஜாக்கி வைத்துத் தூக்கி, மேலும் கீழுமாய்ப் பிடித்து ஆட்டினேன், ஆட்டம் இல்லை, கிரீஸ் கசிவும் இல்லை, பேரிங் மேல் சந்தேகம் குறைந்தது. சுற்றிவிட்டால் அரைச் சுற்றிலேயே சரக்கென்று உரசி நின்றது. பிரேக்கை யாரோ ஒரு மெக்கானிக் அளவுக்கு மீறி இறுக்கி வைத்த புண்ணியம். கொஞ்சம் தளர்த்தியதும் அடுத்த நிறுத்தத்தில் நாலும் ஒரே வரிசைக்கு வந்தன.

வெயில் படும் பக்கத்து டயர் சில டிகிரி கூடத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். சூடாக இருக்கும் டயரில் காற்றை இறக்கவும் வேண்டாம், இவ்வளவு காற்று என்று சொல்லும் அளவெல்லாம் காலையில் ஆறிய டயருக்குத்தான். இறங்கியவுடன் அளக்கணும், ஆனால் இறக்கத்தில் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்திருந்தால் எல்லா ஹப்பும் எகிறியிருக்கும். இங்கே டிரெய்லர் இழுத்தால் 55 மைல்தான் உச்ச வேகம், அதை மீறிப் பறந்துவிட்டு டயரைத் திட்டுவதில் நியாயமில்லை.

குறை என்றால், உச்சி வெயிலில் திரையும் தெரியாது, சிவப்புப் புள்ளியும் தெரியாது, தொப்பியைக் கழற்றி நிழல் பிடித்துத்தான் படிக்கிறேன். ஓடும்போது இது வாயே திறக்காது. வழியில் காற்று இறங்கினால் சொல்வதற்கு டயரில் மாட்டும் சென்சார் தனியாக வேண்டும், ஆனால் உரசும் பிரேக்கை அது காட்டிக்கொடுக்கும் என்று நம்பாதீர்கள். நான் இரண்டும் வைத்திருக்கிறேன். ஐந்துக்கு நாலு நட்சத்திரம், ஒன்று அந்தத் திரைக்காகக் கழித்தது.