செக்டிஸ்க் முதலிலா, நகல் முதலிலா?

காரைக்குடி ஸ்டூடியோக்காரர் ஒருவர் போன மாசியில் 1 டிபி ஹார்டு டிஸ்க் ஒன்றைத் துண்டில் சுற்றி என்னிடம் எடுத்து வந்தார். கானாடுகாத்தானில் எடுத்த ஒரு கல்யாணத்தின் படங்கள் முழுக்க அதில்தான். வேறு நகல் கிடையாது. ஃபோல்டரைத் திறந்தால் பச்சைக் கோடு பாதியிலேயே நின்றுவிடும். டிஸ்க் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கப் பார்க்கும் சத்தம் கேட்கும். "செக்டிஸ்க் போட்டுக் குடுத்துருங்கண்ணே, சரியாயிரும்" என்றார். விண்டோஸோடு வரும் டிஸ்க் சரிபார்ப்புக் கருவி அது. நான் போடவில்லை.

முதலில் கோளாறு டிஸ்க்கிலா, வயரிலா என்று தெரிய வேண்டும். டிஸ்க்கின் உடல்நிலையை வரிசை வரிசையாகக் காட்டும் மென்பொருள் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ. அதில் சி7 வரிசையின் எண் மட்டும் ஏறியிருந்தால், தரவு போகிற வழியில் கெடுகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றினாலே போதும். ஏறின எண் இறங்காது, அதற்குமேல் ஏறாமல் நின்றால் சரி. சி5 வரிசைதான் வயிற்றைக் கலக்குவது: படிக்க முடியாமல் நிலுவையில் கிடக்கும் செக்டர்களின், அதாவது டிஸ்க்கில் தரவு எழுதும் சின்னச் சின்னக் கட்டங்களின், கணக்கு அது. இவர் டிஸ்க்கில் அங்கே 18 என்று இருந்தது. அந்த மென்பொருள் எண்களைப் பதினாறின் அடிமானத்தில் காட்டும். நம் கணக்கில் அது 16-ம் 8-ம் சேர்ந்து 24. இது தெரியாமல் குறைத்து மதிப்பிடுகிறவர்கள் நிறையப் பேர்.

செக்டிஸ்க்கின் வேலை, விண்டோஸின் கோப்புக் கணக்கை ஒழுங்காக்குவது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்க் கணக்கு குழம்பியிருந்தால், சி5 சுழியமாக இருந்தால், அதைவிட நல்ல மருந்து இல்லை. ஆனால் நிலுவை செக்டர் உள்ள டிஸ்க்கில், கெட்ட இடங்களையும் தேடச் சொல்லும் 'ஆர்' என்ற எழுத்தைக் கட்டளையோடு சேர்த்து ஓட்டினால், முழுவதையும் படித்துப் பார்த்து, படிக்க முடியாத இடத்தைக் கெட்டது என்று குறித்து ஒதுக்கிவிடும். கோப்பின் அந்தத் துண்டு போனது போனதுதான். அறுந்த துண்டுகளைப் பெயரில்லாத சிஎச்கே கோப்புகளாக ஒரு ஃபோல்டரில் போட்டு வைக்கும். ஆயிரக்கணக்கான படங்களில் அது எந்தப் படத்தின் துண்டு என்று யார் தேடுவது? இத்தனையையும் அடிபட்ட டிஸ்க்கின் மேலேயே எழுதுகிறது என்பதுதான் எனக்குப் பொறுக்காதது. நல்ல 1 டிபி டிஸ்க்கையே நொடிக்கு 100 எம்பி வேகத்தில் படித்து முடிக்க இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். கெட்ட செக்டர்களில் பல நொடிகள் திணறும். தேய்ந்த ஹெட், அதாவது டிஸ்க்கைப் படிக்கும் முனை, அத்தனை நேரம் தாங்கும் என்று எதை நம்பிச் சொல்வது?

கெட்ட டிஸ்க்கை நகலெடுப்பதற்கென்றே உள்ள டிடி ரெஸ்க்யூ என்ற மென்பொருள் போகும் வழி வேறு. பென் டிரைவில் லினக்ஸைப் போட்டு கம்ப்யூட்டரைத் தொடங்கி, பழைய டிஸ்க்கை மவுன்ட் செய்யாமலே (அதன் ஃபோல்டர்களைத் திறக்காமலே), அதே அளவோ பெரியதோ ஆன புது டிஸ்க்குக்கு அப்படியே நகலெடுக்கிறோம். திணறும் இடம் வந்தால் அதைத் தாண்டி ஓடிவிடும். நல்ல பகுதியெல்லாம் கைக்கு வந்தபிறகே கெட்ட இடத்துக்குத் திரும்பி, ஓரத்திலிருந்து சுரண்டிச் சுரண்டி எடுக்கும். எது வந்தது, எது வரவில்லை என்பதை ஒரு மேப் கோப்பில் எழுதிக்கொண்டே போவதால், நடுவில் நிறுத்தினாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மூலத்தையும் இலக்கையும் மாற்றிக் கொடுத்தால் மட்டும் எல்லாம் அழிந்துபோகும். கொள்ளளவையும் சீரியல் எண்ணையும் இரண்டு முறை பார்த்துவிட்டே என்டர் தட்டுவேன். அப்புறம் செக்டிஸ்க் ஓட்டலாம், நகலின் மேல்.

முழு டிஸ்க்கிலும் சுழியம் எழுதும் வைத்தியமும் உண்டு. எழுதும்போது டிஸ்க் அந்த செக்டரைச் சோதித்து, தேறாவிட்டால் உபரி செக்டரை அந்த இடத்துக்கு மாற்றிக்கொள்ளும், சி5 இறங்கும். ஆனால் இருந்த தரவு மொத்தமும் போய்விடும். நகல் கைக்கு வந்தபிறகுதான் அதைப் பற்றிப் பேசவேண்டும்.

'டக் டக்' என்று தட்டினால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். உடனே அணைத்துவிட்டு, தரவு மீட்புக் கூடத்துக்கு அனுப்புங்கள். செலவு ஆயிரக்கணக்கில் வரும். மூடியைக் கழற்றாதீர்கள், ஃப்ரீசரிலும் வைக்காதீர்கள். ஈரம் உள்ளே படிந்தால் கூடத்தாராலும் ஒன்றும் செய்ய முடியாது. எதற்கு அந்தச் செலவு என்பதை டிஸ்க்கில் இருப்பதை வைத்து முடிவு செய்யலாம். ரங்கூனில் எடுத்த பழைய படங்களின் ஸ்கேன் என்றால், அசல் ஆச்சியின் பெட்டகத்தில் பத்திரமாக இருக்கும், மறுபடி ஸ்கேன் செய்யலாம். திருப்பூட்டு (தாலி கட்டு) முடிந்த கல்யாணத்தை இன்னொரு முறை எடுக்க முடியாது.

அந்த டிஸ்க்கில் நகல் ஓட இரண்டு நாள் ஆனது. கடைசிவரை வராதது 36 கேபி. அது விழுந்தது மூன்று படங்களில். இரண்டு பந்திப் படங்கள், அவை போகட்டும் என்றார். மூன்றாவது, முகப்பில் பெண்ணும் அப்பத்தாவும் நிற்கும் படம். அப்பத்தா முகம்வரை தெளிவு, கழுத்துக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். அதற்கு அடுத்த நொடியில் எடுத்த படம் பக்கத்திலேயே முழுசாக இருந்தது. அதை ஆல்பத்தில் வைத்தார். பழைய டிஸ்க்கில் சுழியம் எழுதியதும் சி5 சுழியத்துக்கு வந்தது, உபரி செக்டருக்கு மாற்றியவற்றின் கணக்கான 05 வரிசை ஏறியது. அதைக் கல்யாண வேலைக்குத் திருப்பித் தர எனக்கு மனம் வரவில்லை.