70 சிசி செயின்சா: ஸ்டில் 462 வாங்கலாமா, ஹஸ்க்வர்னா 572 வாங்கலாமா?

மரம் வெட்டுவதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் 70 சிசி மெஷின் தேடினால், கடைசியில் இந்த இரண்டில்தான் வந்து நிற்பார்கள். ஒன்று ஜெர்மனிக்காரர்களின் ஸ்டில் எம்எஸ் 462. மற்றது ஸ்வீடன்காரர்களின் ஹஸ்க்வர்னா 572 எக்ஸ்பி. தோப்பில் எப்போதாவது ஒரு தென்னையைச் சாய்ப்பவருக்கு இரண்டுமே அதிகம், 50 சிசியே போதும். சில்வர் ஓக், தைலம், தேக்கு, புளி என்று தினமும் அறுப்பவருக்குத்தான் இந்த அலசல்.

காகிதத்தில் பார்த்தால் பெரிய வித்தியாசம் கிடையாது. 462 என்பது 72.2 சிசி, 4.4 கிலோவாட். 572 என்பது 70.6 சிசி, 4.3 கிலோவாட். இந்த வித்தியாசம் கைக்குத் தெரியவே தெரியாது. எடைதான் தெரியும். பாரும் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) செயினும் மாட்டாமல் 462 ஆறு கிலோ, 572 ஆறு கிலோ அறுநூறு கிராம்.

அறுநூறு கிராம் ஒரு விஷயமா என்று கேட்பவர்கள் கிளை கழித்துப் பார்க்க வேண்டும். அடிமரத்தை அறுக்கும்போது மெஷினின் முன்பக்கப் பற்கள் மரத்தில் ஊன்றிக்கொள்ளும். பாதி எடையை மரமே தாங்கிவிடும். சாய்ந்த மரத்தில் கிளை கழிக்கும்போது அப்படியில்லை. மெஷினைத் தூக்கிப் பிடித்து, இடது வலது என்று திருப்பி, தடியின் மேல் சறுக்கி, அடுத்த கிளைக்குப் போக வேண்டும். அதுவும் தேயிலைத் தோட்டத்துச் சரிவில் காலை ஊன்றிக்கொண்டு. மத்தியானத்துக்கு மேல் அந்த அறுநூறு கிராம் மணிக்கட்டில் தெரியும். கை சோர்ந்தால் பாரின் நுனி தெரியாமல் கிளையில் இடித்து மெஷின் முகத்தை நோக்கி எகிறும். செயினைச் சட்டென்று நிறுத்தும் செயின் பிரேக் இருக்கிறதுதான், ஆனால் சோராத கைதான் முதல் பாதுகாப்பு. கிளை கழிப்பது அதிகம் உள்ள வேலைக்கு நான் யோசிக்காமல் 462 என்பேன்.

572-க்கு வேறு இடம் இருக்கிறது. மர டிப்போவிலோ மில் முற்றத்திலோ போட்டுவைத்த பருத்த தடிகளைத் துண்டு போடும் வேலை அதற்கு ஏற்றது. பார் முழுக்க மரத்துக்குள் புதைந்திருக்கும்போதும் இழுவை தளராமல் நிதானமாக அறுக்கும். அங்கே எடையை மரம் சுமக்கிறது, அதனால் அறுநூறு கிராம் கணக்கில் வராது. காற்றாடிச் சக்கரமே பெரிய தூசியை வெளியே வீசிவிட்டுத்தான் ஃபில்டருக்குக் காற்றை அனுப்பும். காய்ந்த புளியை அறுப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். 462-இலும் தூசியை முன்கூட்டியே பிரிக்கும் அமைப்பு உண்டு.

இரண்டிலும் கார்புரேட்டரைத் திருகும் வேலை இல்லை. ஸ்டில்லில் எம்-டிரானிக், ஹஸ்க்வர்னாவில் ஆட்டோ டியூன். பெயர்தான் வேறு, வேலை ஒன்றுதான்: பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவைத் தானாகவே சரிசெய்வது. பழைய மெஷினை மேட்டுப்பாளையத்தில் சரிசெய்து ஊட்டிக்குக் கொண்டுபோனால், 2,200 மீட்டர் உயரத்து மெல்லிய காற்றில் பெட்ரோல் கூடிப்போய்ப் புகை கக்கும். கீழே இறங்கினால் மறுபடி திருக வேண்டும். அந்தத் தொல்லை இப்போது போய்விட்டது.

புதுத் தொல்லை பெட்ரோலில் வந்திருக்கிறது. நம் பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். ஹஸ்க்வர்னாவின் கையேடு 10 சதவீதத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது. ஸ்டில்லின் கையேடோ எம்-டிரானிக் உள்ள மெஷின்களுக்கு 25 சதவீதம் வரை ஏற்றுக்கொள்கிறது. என்னைப் பொறுத்தவரை நம் ஊரில் தராசு 462 பக்கம் சாய்வதற்கு இதுவே பெரிய காரணம். ஆனாலும் பெட்டியோடு வரும் கையேட்டில் அந்தப் பக்கத்தை நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள்.

எந்த மெஷினானாலும் ஆயில் கலந்த பெட்ரோலை வாரக்கணக்கில் டேங்கில் விட்டுவைக்காதீர்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலுமாகப் பிரிந்து அடியில் தங்கும். எஞ்சினுக்காக நாம் கலந்த 2டி ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். உறிஞ்சும் குழாய் கிடப்பதோ அடியில். ஆயில் இல்லாமல் ஓடினால் பிஸ்டனில் கோடு விழும், செலவு பெரிதாகும். லிட்டருக்கு 20 மில்லி கம்பெனி ஆயில் என்ற கணக்கில், அன்றைய வேலைக்கு மட்டும் கலக்குவது நல்லது.

ஏற்கெனவே ஒரு கம்பெனி மெஷின் வைத்திருப்பவர்கள் மற்ற கம்பெனி மெஷினுக்கும் பார், செயின் பழையதையே மாட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள். முடியாது. இரண்டும் 3/8 இன்ச் செயின்தான், ஆனால் பாரின் பள்ளத்தில் ஓடும் பல்லின் கனம் ஸ்டில்லில் பொதுவாக 1.6 மில்லிமீட்டர், ஹஸ்க்வர்னாவில் 1.5. ஒன்று நுழையாது, மற்றது ஆடும். பார் மாட்டும் துளைகளும் பொருந்தாது. செயின் தீட்டும் அரம்கூட மாறும்: ஸ்டில் செயினுக்கு 5.2 மில்லிமீட்டர், ஹஸ்க்வர்னாவுக்கு 5.5. இரண்டு மெஷினும் ஒரே ஷெட்டில் இருந்தால் அரத்தின் பிடியில் பெயின்ட் அடித்துப் பிரித்து வையுங்கள். மாற்றித் தீட்டிய செயின் நேராக அறுக்காது.

பணம் கொடுக்கும் முன் டீலரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். கார்புரேட்டர் கோளாறைக் கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்க்கும் கருவி அவரிடமே இருக்கிறதா? ஏர் ஃபில்டர், ஸ்பிராக்கெட் (செயினை ஓட்டும் பல்சக்கரம்), ஸ்டார்ட்டர் கயிறு மூன்றையும் அலமாரியிலிருந்து உடனே எடுத்துக் காட்ட முடியுமா? எடுத்துக் காட்டுகிற கடையில் 572-தான் இருக்கிறது, 462-க்கு அடுத்த மாவட்டம் வரை போக வேண்டும் என்றால், நான் 572 வாங்கி, பெட்ரோல் விஷயத்தில் ஜாக்கிரதையாக இருப்பேன்.